பெரியக்காவிடம் ஓவர் எடுக்க ஆளில்லை

எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எங்கள் மேல் இருக்கும் பாசத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சம்பளம் என்று வாயைத் திறந்தால் இயக்குநரின் கண் லேசாகக் கலங்கும். ஓய்வூதியம் என்று சொல்லிவிட்டால் கைக்குட்டையே வெளியே வந்துவிடும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். நானும் ஒரு குடும்பத்தில் பிறந்து இன்னொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்தான். குடும்பம் என்றால் சொத்தில் பங்கு உண்டு, இல்லாவிட்டால் சண்டை போடும் உரிமையாவது உண்டு. இங்கே பங்கு கிடையாது, சண்டை போட்டால் மெமோ கொடுப்பார்கள்.

நான் இங்கே நர்ஸ். நர்ஸ்கள் சங்கத்துக்குச் செயலாளர். போட்டியே இல்லாமல் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஏனென்றால் அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவள் நான் ஒருத்திதான்.

பெரியக்காவைப் பற்றிச் சொல்கிறேன், அவருக்காகத்தான் இந்தக் கதையே. மூன்றாம் மாடி ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். அவர் தூக்கி உட்காரவைக்காத முதுகு இந்த ஊரில் குறைவு. சேர்ந்த புதிதில் பல வருடங்கள் அவரைத் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள். பதினோரு மாதம் ஆனதும் ஒரே ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாள் புது ஆளாகச் சேர்ந்ததாகக் கணக்கு. அந்த ஒரு நாளில் அக்கா ஊசி போடுவதையெல்லாம் மறந்து பச்சைக் குழந்தையாகித் திரும்பி வருவார் என்று நிர்வாகத்துக்கு நம்பிக்கை போலிருக்கிறது. அந்த வருடங்களைக் கழித்துவிட்டால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக் காலம் அக்காவுக்குக் கொஞ்சத்தில் தவறிவிடும். கொஞ்சத்தில் தவறினாலும் கிடைப்பது பூஜ்யம்தான்.

அது ஒன்று. இன்னொன்று அவருடைய முட்டி. ஆள் தூக்கித் தூக்கி இரண்டும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறினால் எண்ணெய் காணாத கதவு மாதிரிச் சத்தம் வரும். இதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், முட்டி மாற்றி வைக்கிறார்கள். வேலையில் இருக்கும் வரை அக்காவுக்கு அங்கே இலவசம், ஆனால் லீவு கிடையாது. ஓய்வு பெற்றால் லீவே லீவு, ஆனால் இலவசம் கிடையாது. என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள்.

ஆகவே சங்கம் கேட்டது இரண்டுதான். தற்காலிக வருடங்களையும் சேவையில் சேர்க்க வேண்டும். ஓய்வு பெற்ற நர்ஸ்களுக்கு இங்கேயே இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். நிர்வாகம் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது: ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அக்காவின் கடைசி வேலை நாள் அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்குள் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் எல்லாருக்கும் உண்டு, அக்காவுக்குக் கிடையாது.

எங்கள் தரப்பில் பேச மூன்று பேர். நான், பெரியக்கா, மௌனி. மௌனி என்பது நாங்கள் வைத்த பெயர். மூச்சு விடாமல் பேசுவாள், அதனால் மௌனி.

முதல் இரண்டு சுற்றுப் பேச்சு நிர்வாகக் கட்டடத்தில் நடந்தது. குளுகுளு அறை, மெத்தை நாற்காலி. நாங்கள் நன்றாகவே பேசினோம். இயக்குநர் "கொள்கை அளவில் ஏற்றுக்கொள்கிறோம்" என்ற இடம்வரை வந்துவிட்டார். கொள்கை அளவு என்பது எந்த அளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மருந்து அளக்கிற மூடியில் ஊற்றிப் பார்த்தால் அடிகூட நனையாது. இருந்தாலும் அதுவரை வந்தாரே.

அப்போதுதான் எங்கிருந்தோ ஓர் ஆலோசகரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நர்ஸ்களின் வேலையை நேரில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் வார்டுக்கே வந்தார். நர்ஸ்கள் அறையில் உட்கார்ந்து, எங்கள் தியாகத்தைப் பற்றி எங்களுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் நோயாளி மணி அடித்தார். நாங்கள் மூவரும் ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டோம். திரும்பி வந்தபோது மனிதர் குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரிச் சிரித்தார். பாவம், நல்ல மனிதர் என்று மௌனி சொன்னாள்.

அடுத்த வாரம் பேச்சுவார்த்தை இடம் மாறியது. மூன்றாம் மாடியில், ஆண்கள் வார்டை ஒட்டி, முன்பு படுக்கைத் துணி அடுக்கி வைத்திருந்த அறை. உங்களுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்றார் ஆலோசகர். அக்காவின் முட்டியை நினைத்து நான் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதிலேயே கேட்டவள்தான் நான். கேட்டு என்ன பயன்?

அந்த அறையில் வார்டு மணி நம் காதுக்குள் அடிக்கிற மாதிரிக் கேட்கும். அதே வாரம் வார்டுச் சுவரில் ஒரு புதுப் பலகை வந்தது. "உங்கள் விரல் நுனியில் எங்கள் சேவை! தயங்காமல் மணியை அழுத்துங்கள்!" பலகையில் ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மருத்துவமனை நர்ஸ் இல்லை. அவ்வளவு நன்றாகத் தூங்கி எழுந்த முகம் எங்களில் யாருக்கும் கிடையாது.

பேச்சு தொடங்கினால் மணி தொடங்கும். ஒருவருக்கு மின்விசிறியைக் கூட்ட வேண்டும், இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். ஒருவர் மணி என்ன என்று கேட்க மணியை அழுத்தினார். நாங்கள் போய்ப் போய் வருவதற்குள், "அது முடிஞ்சுது சிஸ்டர், அடுத்ததுக்குப் போயிடலாம்" என்பார் ஆலோசகர். கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் என்று முதலிலிருந்தே இருந்தது, நானும் அக்காவும் ஒருவருக்குப் படுக்கை மாற்றிவிட்டு வருவதற்குள், சராசரிச் சம்பளம் என்று ஆகிவிட்டது. அறையில் மௌனி இருந்தாள். பேச வேண்டிய அந்த ஒரு தருணத்தில்தான் தன் பெயருக்கு நியாயம் செய்தாள்.

உண்மையைப் போட்டு உடைத்தவர் வார்டில் இருந்த ஒரு தையற்காரர். சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு, காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். ஒரு நாள் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, மத்தியானம் டீ நேரத்துல சும்மா படுத்திருக்காம நல்லா மணி அடிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறாரு. அது என்ன, ஏதாவது வைத்தியமா?"

டீ நேரம்தான் பேச்சுவார்த்தை நேரம். எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. படித்த மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து, நோயாளி கூப்பிட்டால் எழுந்து போகிற குணத்தையே எங்களுக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். இதற்கு ஆலோசனைக் கட்டணம் வேறு வாங்கியிருப்பார்.

சரி, மணி அடித்தால் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று பழகத் தொடங்கினோம். மௌனி வெளியே நின்று மணியை அழுத்துவாள். நானும் அக்காவும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் முதல் மணிக்கே எழுந்தேன். அக்கா மணிக்கு முன்னாலேயே எழுந்தார், மௌனியின் செருப்புச் சத்தத்தைக் கேட்டு. அழுத்தியது மௌனி என்று தெரிந்தும் எழுந்தார். "நான் என்னடி பண்றது? கால் என்னைக் கேக்கவே மாட்டேங்குது" என்றார்.

வேலையில் இருப்பவர்களுக்குத்தானே இந்த வியாதி, ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து உட்காரவைப்போம் என்று நான் ஒரு யோசனை செய்தேன். ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்த ஒரு சிஸ்டர், சங்கத்துக்காக ஆசையாக வந்தார். மணி அடித்ததும் எங்களை எல்லாம் இடித்துக்கொண்டு அவர்தான் முதலில் வாசலைத் தாண்டினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை.

கடைசியில் அக்காதான் நேர்வழியைச் சொன்னார். மணி அடிக்கிறவர்களிடமே கேட்டால் என்ன? நான் படுக்கை படுக்கையாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், நிஜமாகவே தேவை என்றால் மட்டும் அழுத்துங்கள். அக்காவுக்கு அதுதான் கடைசி நாள் என்றும் சொன்னேன். வார்டே பொங்கிவிட்டது. தையற்காரர் தலைமை ஏற்றுக்கொண்டார்.

"நீங்க போய் உக்காருங்க சிஸ்டர். இங்க ஒருத்தன் விரல் அந்தப் பொத்தான் பக்கம் போகாது. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவுக்கு வழியனுப்பு விழா. இயக்குநர் கைக்குட்டையோடு வந்தார். குடும்பத்தின் மூத்த மகள் பிரிந்து போகிறாள் என்றார். ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்து மருந்து கொடுத்தவருக்கு, இனிமேல் சும்மா பார்க்க ஒரு கடிகாரம். பேட்டரி இல்லை. அதைக் குடும்பத்தில் யாராவது வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

விழா முடிந்து நேராகப் பேச்சுவார்த்தை. மணி அடிக்கவில்லை. ஆலோசகர் இரண்டு முறை சுவரைப் பார்த்தார். ஒரு முறை எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார், காற்று வரட்டும் என்று. வார்டில் இருமல்கூட இல்லை. நாங்கள் மூவரும் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருந்ததில் எனக்கே ஆச்சரியம். மௌனி அன்றைக்குப் பேசிய பேச்சில் சராசரிச் சம்பளம் மறுபடி கடைசிச் சம்பளம் ஆனது. தற்காலிக வருடங்கள் சேவையில் சேர்ந்தன. வைத்தியம் பற்றிய ஷரத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று இருந்ததை நான் 'வழங்கப்படும்' என்று மாற்ற வைத்தேன். எல்லாம் சரி. இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அக்கா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். மணி அடித்தது.

ஆலோசகரின் முகத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் எங்களுக்கு வேறு ஒன்று தெரியும். அந்த வார்டு வாக்குக் கொடுத்திருந்தது. வாக்கை மீறி மணி அடிக்கிறதென்றால் அங்கே ஏதோ உயிர் போகிற விஷயம். உட்கார் என்று என் மூளை சொல்லிக்கொண்டிருந்தபோது என் கால் வார்டுக்குள் இருந்தது. எனக்கு முன்னால் அக்கா ஓடிக்கொண்டிருந்தார்.

தையற்காரருக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு முதியவர். சாப்பாட்டுத் துண்டு தொண்டையில் சிக்கிக் கண் மேலே செருகியிருந்தது. முகம் நீலம். தையற்காரர் கட்டிய காலோடு பாதி உடம்பைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து, மறு கையால் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா முதியவரை இழுத்து முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கி அறைந்தார். வரவில்லை. பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வயிற்றில் குத்தித் தூக்கினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளையைத் தூக்கினார். மூன்றாம் முறை துண்டு வெளியே வந்து விழுந்தது. நான் ஆக்ஸிஜன் வைத்தேன், மௌனி டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். முதியவரின் உதட்டில் நிறம் திரும்பும் வரை நாங்கள் யாரும் வேறெதையும் நினைக்கவில்லை.

தையற்காரர் அழுதுவிட்டார். மன்னித்துவிடுங்கள், வேறு வழி தெரியவில்லை என்றார். அக்கா அவருடைய தலையணையைச் சரி செய்தார்.

"நீங்க அழுத்தாம இருந்திருந்தாதான் தப்பு" என்றார்.

நாங்கள் திரும்பிப் போனபோது அறையில் ஆலோசகர் மட்டும் இருந்தார். கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்கு அவசர வேலையாம். கையெழுத்துத் திங்கட்கிழமை காலையாம். எல்லாம்தான் ஒப்புக்கொண்டாயிற்றே, சந்தோஷமாகப் போங்கள் என்றார். அக்காவுக்கு இன்றைக்குத்தானே கடைசி நாள் என்று கேட்டேன்.

"அது துரதிர்ஷ்டம்தான் சிஸ்டர். ஷரத்துல தெளிவா இருக்கே, கையெழுத்தாகுற அன்னிக்கு அவங்க பணியில இருக்கணும்."

மழை வந்ததற்கு வருத்தப்படுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

"விடு. மத்தவங்க எல்லாருக்கும் கிடைச்சுதுல்ல" என்றார் அக்கா.

எனக்கு ஆலோசகரைவிட அக்கா மேல்தான் கோபம் வந்தது. இப்படி விட்டுவிட்டு, விட்டுவிட்டுத்தானே அந்த முட்டி தேய்ந்தது. வார்டுத் தாழ்வாரத்தில் நின்று, வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அக்காவின் ஷிப்ட் முடியும் நேரம் வந்தது. அடுத்த ஷிப்டுக்கு மௌனிதான் பொறுப்பு. எங்கள் வேலையில் மணி ஆனதும் கையை உதறிவிட்டுப் போக முடியாது. போகிற நர்ஸ் வருகிற நர்ஸைப் படுக்கை படுக்கையாக அழைத்துப்போய், இவருக்கு இது, அவருக்கு அது, இதைக் கவனி என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். வருகிறவள் ஓவர் எடுக்கும் வரை போகிறவள் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. மாற்று ஆள் வராவிட்டால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான். அக்காவின் மகளுக்குப் பிரசவம் நடந்தது இதே கட்டடத்தில், இரண்டு மாடிக்குக் கீழே. மாற்று ஆள் வரவில்லை. அக்கா பேத்தியைப் பார்த்தபோது குழந்தை குளித்துப் பாலும் குடித்துத் தூங்கியிருந்தது. நான் ஒரு தடவை, என் பையனுக்கு ஜுரம் என்று, ஓவர் கொடுக்காமல் ஓடினேன். மறுநாள் கையில் மெமோ கொடுத்தார்கள். அதன் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"வாடி, ஓவர் எடுத்துக்கோ. கடைசித் தடவை" என்று அக்கா மௌனியைக் கூப்பிட்டார்.

மௌனி மூக்கை உறிஞ்சியபடி முதல் படுக்கைப் பக்கம் ஓர் அடி வைத்தாள். எனக்கு அந்த மெமோ வரி வரியாக நினைவுக்கு வந்தது. மூக்கைத் துடைத்தேன்.

"எடுக்காதே" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எடுக்காதே, யாரும் எடுக்கக் கூடாது, திங்கட்கிழமை வரை யாரும் எடுக்கப் போவதில்லை என்றேன். மௌனிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தலை சுற்றுவதாகவும், இந்த நிலையில் பொறுப்பு ஏற்றுக்கொள்வது நோயாளிகளுக்கு ஆபத்து என்றும் வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். அக்கா ஒப்பவில்லை.

"ஏமாத்து வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்டி."

"இதுல என்னக்கா ஏமாத்து? ஓவர் எடுக்க ஆள் இல்ல. இவ்வளவு பேரையும் அப்படியே விட்டுட்டுப் போயிடுவீங்களா? போறதுன்னா போங்க" என்றேன்.

அக்கா வார்டைப் பார்த்தார். முதியவர் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையை மறுபடி அலமாரியில் வைத்தார்.

அந்தச் சனி ஞாயிறு மாதிரி எங்கள் வார்டை நான் பார்த்ததே இல்லை. அடுத்தடுத்த ஷிப்டுக்கு வந்த எல்லாருக்கும் தலைவலி, வயிற்றுவலி, தொண்டைக்கட்டு. ஓவர் எடுக்க முடியாதாம். ஆனாலும் சும்மா நோயாளிகளை நலம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஊசி போட்டார்கள், கட்டு மாற்றினார்கள், அக்காவை நர்ஸ்கள் அறையில் பிடித்துப் படுக்கவைத்தார்கள். லீவில் இருந்தவர்கள்கூட நலம் விசாரிக்க வந்தார்கள். ஒரு நோயாளிக்கு இவ்வளவு நர்ஸ் என்ற கணக்கில் அந்த இரண்டு நாள்தான் எங்கள் மருத்துவமனை உலகத் தரத்தை எட்டியது.

அக்காவின் வீட்டுக்காரர் மாற்றுத் துணியும் பல் துலக்கும் பிரஷும் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து 'இதோ வந்துட்டேன்' என்று இவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கடைசி நாளும் அப்படியே ஆனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்றார்.

சனிக்கிழமை மேட்ரன் சுற்றி வந்தார். எங்கள் எல்லாருக்கும் மேலதிகாரி, சிரிக்கவே தெரியாதவர். அக்காவைப் பார்த்து, ஏன் இன்னும் போகவில்லை என்றார். ஓவர் எடுக்க ஆள் வரவில்லை என்றார் அக்கா. மேட்ரன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஓவர் குடுக்காம போகக் கூடாது. விதி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேட்ரனுக்கு அடுத்த வருடம் ஓய்வு.

திங்கட்கிழமை காலை இயக்குநர் மலர்ந்த முகத்தோடு வந்தார். கையெழுத்துப் போட்டார். நானும் மௌனியும் போட்டோம். பிறகு நான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம், வார்டில் பணியில் இருக்கும் பெரியக்காவிடமும் கையெழுத்து வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். இயக்குநர் சிரித்தார்.

"அவங்கதான் வெள்ளிக்கிழமையே ரிட்டயர் ஆயிட்டாங்களேம்மா."

"இல்ல சார். ஓவர் எடுக்க ஆள் வரல. வெள்ளிக்கிழமையிலேருந்து வார்டு அவங்க பொறுப்புலதான் இருக்கு."

இது சட்டப்படி செல்லாது என்று ஆலோசகர் குறுக்கே பாய்ந்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. இயக்குநரைப் பார்த்து, அவர் எனக்குக் கொடுத்த மெமோவைப் பாராமல் ஒப்பித்தேன். 'பொறுப்பை முறைப்படி ஒப்படைக்கும் வரை செவிலியர், நேர வரம்பின்றி, பணியில் இருப்பவராகவே கருதப்படுவார்.' நேர வரம்பின்றி என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். அடியில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவருக்கே தெரியும்.

"அது வேற விஷயம்மா" என்றார்.

"சரி சார். அக்கா பணியில இல்லன்னே வச்சுக்குவோம். அப்படின்னா வெள்ளிக்கிழமையிலேருந்து ஒரு வார்டு நெறைய நோயாளிங்க, பொறுப்புக்கு ஒரு நர்ஸ்கூட இல்லாம கெடந்திருக்காங்க. மூச்சு நின்னு பொழச்ச ஒருத்தரும் அதுல இருக்காரு. ஆய்வுக்குழு வந்து கேட்டா அப்படியே சொல்லிடட்டுமா?"

இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். இந்தத் தடவை துடைத்தது கண்ணை இல்லை, கழுத்தை. ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தன் பேனாவைப் பார்த்தார். "அவங்க பணியிலதான் இருந்தாங்க" என்றார் இயக்குநர், மிக மெல்லிய குரலில். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை சொல்லவைத்தேன். அதையே எழுதியும் வாங்கிக்கொண்டேன். குடும்பம்தான், இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது.

வார்டுக்குப் போய்ச் சொன்னோம். தையற்காரர் கைதட்டினார், கை தூக்க முடிந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலையைப் பார் என்பது போல என்னைப் பார்த்தார்.

"ஓவர் எடுக்கறேன் அக்கா" என்றேன்.

முதல் படுக்கையிலிருந்து தொடங்கினார். இவருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். இவர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பார், விழுங்கும் வரை நில். முதியவருக்கு மூச்சு சீராக இருக்கிறது, சாப்பாட்டைக் குழைத்துச் சின்ன வாயாகக் கொடு. தையற்காரருக்கு நாளைக்குக் காலில் எடையைக் கழற்றுவார்கள், வாயைக் கழற்ற வழி இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன்.

கடைசியில் ஜன்னல் ஓரப் படுக்கை காலி. அக்கா அதன்மேல் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டு, அதே குரலில், மற்றவர்களைச் சொன்ன மாதிரியே சொன்னார்.

"பொம்பளை. அறுபது வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டா, நாமதான் கேக்கணும். தனியா எழுந்திருக்கப் பாப்பா. விடாதே."

இது ஆண்கள் வார்டு அக்கா என்று ஏதாவது கிண்டல் செய்யப் பார்த்தேன். அதை விட்டுவிட்டு அவர் முட்டிமேல் கையை வைத்தேன்.

"எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

மணி அடித்தது. அக்கா கட்டில் விளிம்பில் கையை ஊன்றினார். நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தி, உட்காருங்கள், இனி என் டூட்டி என்றேன். அழுத்தியது தையற்காரர். அவரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், வெயில் மூஞ்சில அடிக்குது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தினா..."

திரும்பினேன். கட்டில் காலியாக இருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.